மருத்துவம் கற்பித்த மாதரசி

நம் கோலார் தங்கவயலில் எவருக்கேனும் நோய் முற்றிவிட்டது என்றால், அண்டை வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, வேலூருக்கு அழைத்துச் சென்றீர்களா என்பதே. பங்காருப்பேட்டையில் வண்டி ஏறி, குப்பம், சோலையார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் கடந்து காட்பாடியில் இறங்குவோர் நம்மவருள் எத்துணையோ பேர். இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்பாடிக்குச் சீட்டுக் கேட்போரை நாள்தோறும் காண்கின்றோம். அவர்கள் நாடிச் செல்லும் அப்பெரிய மருத்துவமனை ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். அதனைத் தொடங்கிய டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு நினைவூட்ட விழைகின்றோம்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவினின்றும் இலங்கைக்கு வந்து மருத்துவத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. எனினும் இளம் ஐடாவுக்கு அவ்வழியில் செல்ல விருப்பம் இருந்ததில்லை. தாது வருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளைச் சிறுவயதிலேயே கண்டு அஞ்சியவர் அவர். அமெரிக்காவில் பள்ளிக் கல்வி முடித்து, அங்கேயே இன்பமாய் வாழக் கருதியிருந்தார். தாயார் நோயுற்றமையால், அவருக்குத் துணையாய்ச் சில காலம் இருந்து திரும்பலாம் என்று எண்ணியே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஓர் இரவு அவருடைய வாழ்வை மாற்றியது. பிள்ளைப்பேற்றில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காக்க வேண்டி ஓர் அந்தணர் வந்து கதவைத் தட்டினார். தாம் மருத்துவம் கற்றவர் அல்லர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைத் தொடுவது வழக்கத்திற்கு ஒவ்வாது என்று அவர் திரும்பிவிட்டார். சிறிது நேரத்தில் ஓர் இசுலாமியர் வந்தார். அவருக்குப் பின் வேறோர் இந்துப் பெருமகன் வந்தார். மூவரும் கேட்ட உதவி ஒன்றே; மூவரும் ஏமாந்து சென்றனர். பொழுது விடிந்ததும் அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி எட்டியது. தந்தையார் என்னும் மருத்துவர் வீட்டிலேயே இருந்தும் மூன்று உயிர்கள் போயின. கற்ற பெண் ஒருத்தி இல்லாமையே அதற்குக் காரணம். அன்றே ஐடா தாம் மருத்துவம் பயில்வது என உறுதி பூண்டார்.

பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் பெண்களுக்கும் இடமளித்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அந்நிதியோடு 1900ஆம் ஆண்டில் அம்மையார் வேலூரில் தொண்டைத் தொடங்கினார். அருகிருந்து வழிகாட்ட வேண்டிய தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். தங்கியிருந்த வீட்டின் ஓர் அறை, ஒரு கட்டில், இவையே முதல் மருத்துவமனை. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

நோயாளிகள் திரண்டனர். இரு கைகளால் எத்தனை பேரைக் காப்பது? தொடக்க நாளிலேயே, மருத்துவம் ஏதும் அறியாத சலோமி என்னும் பெண்ணுக்குக் கட்டுப் போடவும் கருவிகளைத் தூய்மை செய்யவும் கற்பித்துத் தமக்குத் துணையாக்கிக் கொண்டவர் அம்மையார். 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், வாரந்தோறும் மர நிழலில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். நம்மவருள் பலருடைய பாட்டன்மாரின் ஊர்கள் அச்சாலையை ஒட்டியவையே. தாம் ஒருவராய் எத்துணை ஊர் சுற்றினும், தாம் மறைந்த நாளில் அத்தொண்டும் மறைந்துவிடும் என்பதை அங்கேதான் அவர் தெளிந்தார் எனலாம்.

ஆகவே பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி காண முனைந்தார். ஆறு பெண்கள் சேர்ந்தால் தொடங்கலாம் என அரசாங்க மருத்துவ அதிகாரி ஐயத்தோடு இசைவு தந்தார். வந்த விண்ணப்பங்களோ அதனினும் பன்மடங்கு! 1918 ஆகஸ்டு 12ஆம் நாள், சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். கற்பிக்க இருந்தவை சில எலும்புகளும் ஒரு மைக்ராஸ்கோப்பும் சில நூல்களுமே. எனினும் அரசாங்கத் தேர்வில் ஆடவர் பெரும்பாலோர் தோல்வியுற, வேலூர்ப் பெண்கள் 14 பேரும் தேறினர். 1922இல் அம்முதல் அணியினர் மருத்துவராய் வெளிவந்தனர்.

கல்வி என்றால் பொருள் வேண்டும் அன்றோ? ஆசிய நாடுகளின் பெண்கள் கல்லூரிகளுக்கென 20 இலட்சம் டாலர் திரட்டினால், தாம் 10 இலட்சம் தருவதாக ராக்பெல்லர் அறநிதியினர் கூறினர். அம்மையார் அமெரிக்காவில் ஊர் ஊராய்ச் சென்று பேசி, அப்பெருநிதியைத் திரட்டியோருள் ஒருவரானார். 1930களின் இறுதியில் மற்றோர் இடி விழுந்தது. சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். பட்டமே வேண்டும் என்றது. கூடுதல் பேராசிரியரும் கட்டடங்களும் இன்றேல் பள்ளியை மூட வேண்டிய நிலை. எழுபது வயதில் அம்மையார் மீண்டும் கப்பல் ஏறினார். ஆடவரையும் சேர்த்தாலன்றிக் கல்லூரி நிலைக்காது என்ற நிலை வந்தபோது, பெண்களுக்கெனவே பொருள் தந்த பழைய நண்பர் சிலர் சினந்து பிரிந்தனர். மனம் நொந்தும் அம்மையார் மாற்றத்திற்கு இசைந்தார். 1942இல் பட்டப் படிப்பும், 1946இல் செவிலியர் பட்டக் கல்வியும் தொடங்கின. 1947 முதல் ஆடவரும் சேர்ந்தனர்.

1946இல் ஓய்வு பெற்ற அம்மையார் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89ஆம் வயதில் மறைந்தார். அக்கல்லூரி மறையவில்லை. அங்கே பயின்றோர் நாட்டின் சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றிலும் பணிபுரிகின்றனர். மருந்துக்குச் செலவிடும் பணம் ஒரு நோயாளியோடு தீரும். மருத்துவம் கற்பிக்கச் செலவிடும் பணம் தலைமுறைதோறும் வட்டி தரும். இதுவே அம்மையார் வாழ்வு காட்டும் பாடம்.

ஈண்டு நம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. சில ஆண்டுகட்கு முன் நம் தமக்கையின் மகள் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். இரவுப் பணியுள்ள வேலை பெண்ணுக்கு எதற்கு என்று தடுத்தோருள் நாமும் ஒருவர். பின்னர், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட நம் தந்தையார் நள்ளிரவில் மூச்சுக்குத் திணறியபோது, என்ன செய்வதென்று அறிந்தவர் எவரும் நம் லைனில் இல்லை. விடியற்கால வண்டிக்காகக் காத்திருந்தோம். அவ்விரவு திண்டிவனத்து இரவை நமக்கு நினைவூட்டியது. கதவைத் தட்டியவரும் நாமே, கற்க வந்தவளைத் தடுத்தவரும் நாமே!

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க மருத்துவமனையின் பழைய பொலிவும் அதனோடு போயிற்று. உலகம் முழுவதிலும் 2030ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒரு கோடி மருத்துவப் பணியாளர் குறைவுபடுவர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. ஒரு கோடியை நம்மால் உருவாக்க இயலாது. ஒருத்தியை உருவாக்க இயலும். ஆண்டுதோறும் விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, நம் தங்கவயலின் ஏழைப் பெண் ஒருத்தியைச் செவிலியர் கல்வி பயிலச் செய்யுமாறு சங்கத்தாரை வணங்கி வேண்டுகின்றோம். முதல் தவணைக்கு நம் ஒரு மாத ஊதியத்தை அளிக்கவும் சித்தமாய் இருக்கின்றோம்.

வாழ்க ஐடா அம்மையார் புகழ்! வளர்க நம் சங்கத்தின் தொண்டு!