விற்க வந்த இன்ஜினீயர்

படிப்பை முடித்துவிட்டு மார்க்கெட்டிங் வேலைக்குப் போகிற இன்ஜினீயரை நம்ம ஊரில் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அலையவா நாலு வருஷம் படித்தாய் என்று மாமாவும் சித்தப்பாவும் கேட்காமல் விடமாட்டார்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் சேல்ஸ் வேலைதான் கிடைத்தது என்று முகம் வாடி நிற்கும் தம்பி தங்கைகளுக்காக ஹென்னிங் ஹோல்க்-லார்சன் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். யாரப்பா அது என்கிறீர்களா? எல் அண்ட் டி-யின் ‘எல்’ இவர்தான். கெல்லீஸிலிருந்து நம் ராயப்பேட்டை வழியாகத் தரமணி வரை மெட்ரோ சுரங்கம் தோண்டும் வேலையை எடுத்ததும் அதே கம்பெனிதான்.

1907-ல் டென்மார்க்கில் பிறந்தவர். கெமிக்கல் இன்ஜினீயர். சிமெண்ட் இயந்திரங்கள் செய்யும் எஃப்.எல்.ஸ்மித் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியைச் சேர்ந்த சோரன் டூப்ரோ சிவில்காரர். 1934-லேயே கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை சிமெண்ட் ஆலையில் இயந்திரங்களை நிறுவ வந்துவிட்டார். லார்சன் வந்தது 1937-ல். இங்கே பல சிமெண்ட் கம்பெனிகள் ஏ.சி.சி. என்று ஒன்றாகியிருந்த சமயம். அதில் தங்கள் கம்பெனிக்கு என்ன வாய்ப்பு என்று பார்த்து வருவதுதான் அவருக்கு இட்ட வேலை. இன்றைய பாஷையில் சொன்னால் மார்க்கெட் சர்வே!

மாத்தேரான் மலைக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் சொந்தத் தொழில் யோசனை பிறந்தது. 1938-ல் பம்பாயில் இருவரும் கூட்டாகக் கடை விரித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பார்ட்னர்தான் உட்கார முடியும், அவ்வளவு சின்ன ஆபீஸ். டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்கும் ஏஜென்ஸி, அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே யுத்தம். 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்ததும் சரக்கு வருவது அடியோடு நின்றது. விற்பனைக்காரனிடம் விற்க ஒன்றுமே இல்லை என்றால் என்ன செய்வான்? இவர்கள் சின்னதாகப் பட்டறை போட்டார்கள், கப்பல் ரிப்பேருக்கும் போனார்கள். அப்போதுதான் டாடாவின் சோடா ஆஷ் ஆலை வேலை வந்தது. அதை நிறுவ வேண்டிய ஜெர்மன் இன்ஜினீயர்கள் யுத்தத்தால் கிடைக்காமல் போக, பொறுப்பு இவர்கள் கைக்கு வந்தது. என்னைக் கேட்டால் இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. ஆலைக்காரர்களுக்கு எது தேவை, எங்கே கை நிற்கிறது என்பது அவர்கள் வாசலில் ஏறி இறங்கினவனுக்குத்தானே முதலில் தெரியும்? இயந்திரத்தை விற்க யாராலும் முடியும். அதை அஸ்திவாரத்தில் உட்காரவைத்து ஓடவிட ஆள் இல்லை என்பது அங்கே போனால்தான் தெரியும்.

அந்த ருசி விடவில்லை. 1944-ல் கட்டுமானத்துக்கென்றே ஈ.சி.சி. என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். நம் மணப்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அதே ஈ.சி.சி.தான், டெல்லி தாமரைக் கோயில் (1986), சென்னை நேரு ஸ்டேடியம் (1993) எல்லாம் அதன் கைவேலை.

இதற்காக வியாபாரத்தை மறந்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. 1945-ல் கேட்டர்பில்லர் மண் வாரும் இயந்திரங்களை விற்கும் உரிமையை வாங்கினார்கள். யுத்தத்தில் மிஞ்சிய இயந்திரங்கள் சல்லிசாக வந்தன, ஆனால் வாங்கக் கையில் காசில்லை. வெளியாரிடம் முதல் திரட்டத்தான் 1946 பிப்ரவரி 7-ல் லார்சன் அண்ட் டூப்ரோ பிரைவேட் லிமிடெட் பிறந்தது. 1950-ல் அது பொதுக் கம்பெனியானபோது செலுத்தப்பட்ட மூலதனம் 20 லட்சம் ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகைதான்.

டூப்ரோ 1982-ல் காலமானார். லார்சன் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 1976-ல் மகசேசே விருது, 2002-ல் பத்மபூஷண். மறு வருஷம் மும்பையில், தம் 96-வது வயதில் கண்ணை மூடினார். சிமெண்ட் இயந்திரத்துக்கு வாய்ப்பு தேடி இங்கே வந்து 66 வருஷம் ஆகியிருந்தது.