மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள்

துன்பம் நேருங்கால் ஆண்டவன் கைவிட்டானோ என்று மனங் கலங்குதல் மாந்தர்க்கு இயல்பே. அக்கலக்கத்தினின்றும் மீளும் வழியை, நம் வேளாள மரபிற் பிறந்த கத்தோலிக்கராகிய ச. வேதநாயகம் பிள்ளையவர்களின் சரித்திரத்திற் காண்கின்றோம்.

அவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்தார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து நீதி வழங்கினார். 1876ஆம் ஆண்டு தாது வருஷப் பஞ்சம் தொடங்கிச் சென்னை ராஜதானியை வாட்டிற்று. மழை பொய்த்துப் பயிர் கருகிப் பல லக்ஷம் உயிர்கள் மாண்டன. அப்போது பிள்ளையவர்கள் உத்தியோகத்தினின்றும் நீங்கியிருந்தார். ஆயினும் தாம் ஈட்டிய பொருளைப் பசித்தோர்க்கு அன்னமாக்கினார். பஞ்சந் தீரக் கடவுளை வேண்டிக் கீர்த்தனங்களும் பாடினார். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், மதம் வேறாயினும், அவர் ஈகையை வியந்து பாடினார். 1889ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் காலமானார்.

ஜபத்தையும் அன்னத்தையும் அவர் பிரித்திலர். கர்த்தர் கேட்பார் என்னும் நம்பிக்கையே அவர் களஞ்சியத்தைத் திறந்தது. கிறிஸ்தவ ஞானம் இதுவேயென்று யாம் துணிகின்றோம்.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் 2015ஆம் ஆண்டு புகுந்த வெள்ளத்தைச் செம்பாக்கத்து நம்மவர் மறந்திலர். இனியொரு துன்பம் வருமாயின், ஜபித்து எழுந்தவுடன் அண்டை வீட்டில் அடுப்பெரிகின்றதா என்று நோக்குவோமாக. அவ்வீட்டார் எக்குலத்தாராயினும் ஆகுக.