பட்டத்தைத் துறந்த நீதிபதி

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி மார்க்கமாகச் சென்றுகொண்டிருந்த நாம், கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலருகே சிறிது தங்க நேர்ந்தது. நம்மை அடையாளங் கண்டுகொண்ட அன்பரொருவர், தாம் ஒரு சபையில் அங்கத்தினராயிருப்பதாகவும், கூட்டத்திற்குப் போய்க் கையெழுத்திட்டுத் திரும்புவதன்றி அங்கே தமக்கு வேலை யாதொன்றுமில்லையென்றும் கூறி, இத்தகைய ஸ்தானத்தை வைத்துக்கொண்டிருப்பதா, விட்டுவிடுவதா என்று வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் மணி ஐயர் என்று தென்னாடு அழைத்த எஸ். சுப்பிரமணிய ஐயரின் ஞாபகமே நமக்கு இருந்தது. அவர் பெயரை அறிந்தோர் பலர். அவர் செய்த காரியத்தை அறிந்தோர் சிலரே.

1842-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி மதுரையில் பிறந்த அவர், இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு முடிந்ததும் குமாஸ்தா வேலைக்குப் போனார். உத்தியோகத்திலிருந்துகொண்டே சட்ட நூல்களைத் தாமாகவே பயின்று, 1868-இல் பி. எல். பட்டம் பெற்று, மறு வருஷம் வக்கீலானார். மதுரையில் அவரது தொழில் ஓங்கி வளர்ந்தது. நகரசபைக் காரியங்களிலும் ஈடுபட்டார்.

1884-இல் சென்னைச் சட்டசபைக்கு அவர் அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். நியமனம் என்ற சொல்லை நேயர்கள் கவனிக்கவேண்டும். அக்காலத்தில் தேர்தல் என்பதே இல்லை. 1861-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த அச்சபையில், ஸர்க்கார் கொண்டுவரும் மசோதாக்களைப்பற்றிப் பேசலாமேயன்றி, ஒரு கேள்வி கேட்கவும் வழியில்லை. வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் உரிமையில்லை. கௌரவம் உண்டு, அதிகாரம் இல்லை. கீழ்புத்துப்பட்டு அன்பரின் குறை இதுதானன்றோ?

மணி ஐயர் அந்த ஸ்தானத்தை உடனே விட்டுவிடவில்லை. தாம் அங்கே கண்டதைச் சாட்சியமாகக் கொண்டு, 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்றார். சட்டசபைகளை விஸ்தரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைக் கணிசமாகச் சேர்க்கவேண்டும், கேள்வி கேட்கும் உரிமை அளிக்கவேண்டும், வரவு செலவைச் சபைமுன் வைக்கவேண்டும் என்ற தீர்மானத்தைத் தெலாங் பிரேரேபிக்க, இவர் ஆமோதித்தார். அங்கு வந்திருந்த 72 பிரதிநிதிகளில், அச்சபையின் வெறுமையை உள்ளிருந்து கண்டு பேசியவர் இவர்.

பிறகு பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1888-இல் ஸர்க்கார் வக்கீல். 1895-இல் முத்துசாமி ஐயர் காலமானபின் அவரிடத்தில் ஹைக்கோர்ட்டு நீதிபதி. தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் அமர்ந்தார். 1900-இல் ஸர் பட்டம் கிடைத்தது. சென்னைச் சர்வகலாசாலையின் வைஸ்சான்ஸலரான முதல் இந்தியரும் அவரே. பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டும் நம்போன்ற வக்கீல்களுக்கு அவர் பெயர் நன்கு பரிச்சயமானது. 1907-இல் கண்பார்வை குன்றவே, வேலையினின்று விலகினார்.

அவ்வளவில் நின்றிருந்தால், உபகாரச் சம்பளம் பெற்று ஓய்ந்த பெரிய மனிதர்களுள் ஒருவராகவே அவர் முடிந்திருப்பார். ஆனால் 1914-இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புக் கமிட்டியின் தலைமையை ஏற்றார். 1916-இல் அன்னி பெஸண்டு அம்மையார் ஸ்தாபித்த ஹோம்ரூல் லீகின் கௌரவத் தலைவரானார். 1917 ஜூன் மாதத்தில் அம்மையாரைச் சென்னைக் கவர்ன்மெண்டார் காவலில் வைத்தனர். சில தினங்களில், ஜூன் 24-ந் தேதி, மணி ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனநாயகத்திற்காக யுத்தத்தில் இறங்கியதாக வில்ஸன் உலகிற்கு அறிவித்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. இந்தியாவிற்குச் சுயராஜ்யம் வாக்களிக்கப்படின் மூன்று மாதத்தில் ஐம்பது லக்ஷம் வீரர்களும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் ஐம்பது லக்ஷம் வீரர்களும் முன்வருவர் என்று அதில் அவர் எழுதியிருந்தார். தபாலில் அனுப்பினால் தணிக்கையில் சிக்குமல்லவா? ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதிகள் கடிதத்தைக் கையோடு எடுத்துச் சென்றனர்.

அக்கடிதம் முழுவதையும் நாம் ஒப்புக்கொள்வதாக நேயர்கள் எண்ணவேண்டாம். அந்நியரின் யுத்தத்திற்கு ஒரு கோடி உயிர்களை ஈடு பேச எவருக்கும் அதிகாரமில்லை. அத்தொகையும் நிதானித்துச் சொன்னதன்று. ஆயினும் எழுதியவர் எழுபத்து நான்கு வயதான, பார்வை மங்கிய, அரசாங்கம் அளிக்கக்கூடிய கௌரவங்களையெல்லாம் பெற்றுவிட்ட ஒரு முதியவர் என்பதை மறக்கலாகாது. அவருக்கு இனிப் பெறவேண்டியது யாதுமில்லை, இழக்கவேண்டியதோ மிகுதி.

விஷயம் வெளிப்பட்டது. மாண்டேகுவுடன் சென்னைக்கு வந்த வைஸ்ராய் செம்ஸ்போர்டு அவரை நேரிலேயே கண்டித்தார். 1918-இல் பார்லிமெண்டிலும் மாண்டேகு கடுமையாகத் தூஷித்தார். மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருக்கலாம். மணி ஐயரோ, ஸர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டதாக அறிவித்தார். பஞ்சாபின் கொடுமை கண்டு ரவீந்திரநாதர் தம் பட்டத்தை விட்டது 1919-இல். காந்தியடிகள் கெய்ஸரி ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பியது 1920-இல். மணி ஐயர் அவ்விருவருக்கும் முந்தியவர்.

அவர் 1924 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். இன்றும் பல நூல்களில் அவர் பெயருக்கு முன் ஸர் என்று அச்சிடுகிறார்கள். அவரே வேண்டாமென்று விட்டதாதலால், அவர் பெயரோடு அதைச் சேர்த்து நாம் எழுதவில்லை.