கடலடியை ஆராய்ந்த ஹெர்ட்மன்

புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் நீர் வற்றும் வேளையில், கற்களின்மீது வண்ணக் களிம்பு பூசியது போன்ற மெல்லிய படலங்களைக் காணலாம். பார்ப்பவர்கள் அவற்றைப் பாசி என்றோ கடற்பஞ்சு என்றோ எண்ணிக் கடந்துவிடுவார்கள். ஆனால், அவற்றுள் சில அசிடியன்கள் என்னும் விலங்குகள். இவ்வினத்தில் தனித்து வாழ்பவை தொட்டவுடன் நீரைப் பீச்சும். அதனால் இவற்றைக் கடற்பீச்சிகள் எனலாம். பிறர் பொருட்படுத்தாத இவ்வுயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர் வில்லியம் ஆபட் ஹெர்ட்மன்.

ஹெர்ட்மன் 1858ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பயின்றார். அக்காலத்தில்தான் 'சேலஞ்சர்' என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி, எண்ணற்ற உயிரினங்களைச் சேகரித்து வந்திருந்தது. அவற்றுள் கடற்பீச்சிகளை வகைப்படுத்தும் பொறுப்பு இளைஞரான ஹெர்ட்மனுக்குக் கிடைத்தது. அவர் எழுதிய அறிக்கை 1882 முதல் 1888 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. இரண்டாம் பகுதி, கூட்டமாக வாழும் வகைகளைப் பற்றியது.

கூட்டமாக வாழும் கடற்பீச்சிகளின் வாழ்க்கை வியப்பூட்டுவது. ஒரே உறைக்குள் பல சிற்றுயிர்கள் நெருங்கி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் தன் வாயால் கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. பல வகைகளில், கழிவுநீர் அனைவருக்கும் பொதுவான ஒரு துளைவழியே வெளியேறுகிறது. ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிர் அரும்பிக் கூட்டம் பெருகுகிறது. இவை முட்டையிலிருந்து வெளிவரும்போது தலைப்பிரட்டையைப் போல வாலுடன் நீந்துகின்றன. வாலில் முதுகுநாணும் உண்டு. பாறையில் ஒட்டிக்கொண்டபின் வால் மறைந்துவிடுகிறது. எனவே, தோற்றத்தில் எளியவையாக இருந்தாலும் இவை முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு நெருங்கிய உறவினம் ஆகும்.

ஹெர்ட்மன் 1881இல் லிவர்பூல் நகரில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானார். அப்போதும் அவர் இளைஞராகவே இருந்தார். புட்டிகளில் பதப்படுத்திய உயிர்களைப் பார்ப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. கடலுயிர்களை உயிருடன் ஆராய, தொடர்ந்து புதிய கடல்நீர் கிடைக்கும் இடம் வேண்டும். ஆகவே, 1892இல் மேன் தீவிலுள்ள போர்ட் எரின் என்னும் ஊரில் கடலோர ஆய்வு நிலையத்தை அமைத்தார். பின்னர் அங்கே பொதுமக்கள் காண்பதற்கு மீன்காட்சியகமும், மீன்குஞ்சு பொரிப்பகமும் உருவாயின.

இதற்கிடையில் இலங்கையில் ஒரு நெருக்கடி எழுந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் தமிழர்களும் பிறரும் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்து வந்தனர். மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று சிப்பி எடுத்தவர்களுக்கு, எடுத்ததில் ஒரு பங்கே கூலி. சிப்பி இல்லையேல் வருவாயும் இல்லை. 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இதன் காரணத்தை அறிய, அரசாங்கம் ஹெர்ட்மனை அழைத்தது.

1902இன் தொடக்கத்தில் அவர் இலங்கைக்கு வந்தார். ஜேம்ஸ் ஹார்னெல் அவருக்கு உதவியாளராக இருந்தார். சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். 'பெரிய பார்' என்னும் திட்டில் இளஞ்சிப்பிகள் ஏராளமாக இருப்பதை ஹெர்ட்மன் கண்டார். ஆனால், அவ்வாண்டின் இறுதியில் ஹார்னெல் மீண்டும் சென்று பார்த்தபோது அவை அழிந்துபோயிருந்தன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தத் திட்டு அலைகளின் தாக்குதலுக்கு உள்ளாவதே அதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான திட்டுகளுக்கு மாற்ற வேண்டும் என்று ஹெர்ட்மன் பரிந்துரைத்தார். அவருடைய ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

1903இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. எனினும், 1907க்குப் பின் சிப்பிகள் அருகியதால் அது பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. முத்து தோன்றும் விதம் குறித்து ஹெர்ட்மன் கூறிய கருத்தையும் பின்வந்தோர் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும், சிப்பிகளின் அழிவை விதியென்று விட்டுவிடாமல், கடலடியை நேரில் ஆராய்ந்து காரணம் தேட வேண்டும் என்பதை அவருடைய பணி உணர்த்தியது. ஹார்னெல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் அப்பணியைத் தொடர்ந்தார்.

1916இல் ஹெர்ட்மனின் மகன் ஜார்ஜ், முதல் உலகப் போரில் உயிரிழந்தார். அத்துயரிலும் ஹெர்ட்மனும் அவருடைய மனைவியும் தங்கள் செல்வத்தைக் கல்விக்கு வழங்கினர். மகன் நினைவாக, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியர் பதவியை நிறுவினர். 1919இல் அவர்கள் அளித்த நிதியால் கடலியலுக்கும் பேராசிரியர் பதவி உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் ஹெர்ட்மனே. 1922இல் அவர் 'சர்' பட்டம் பெற்றார், 1924இல் காலமானார்.

இன்று சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் கடலோர ஆய்வுக்கூடம் ஒன்று இயங்குகிறது. கடலுயிர்களை அவை வாழும் இடத்திற்கு அருகிலேயே ஆராய வேண்டும் என்பதே ஹெர்ட்மன் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த நெறியாகும். சிறியது, அழகற்றது என்று எந்த உயிரையும் அவர் ஒதுக்கவில்லை. பாறையில் ஒட்டிய ஒரு படலத்தைப் பொறுமையுடன் ஆராய்ந்த பயிற்சியே, முத்துக்குளிப்போரின் வாழ்வாதாரம் கேள்விக்குறியானபோது அவருக்குத் துணைநின்றது.