பெயர் மறைக்கப்பட்ட பெருந்தச்சர்

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயரைக் காலம் மறைத்துவிட்டது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் பாட்டின் தொடரே அவர்க்குப் பெயராயிற்று. காலம் செய்த அவ்வேலையை இருபதாம் நூற்றாண்டில் ஓர் அரசு செய்தது. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் விண்வெளியில் ஒன்றையொன்று முந்த முனைந்த நாளில், சோவியத்துக்கு முதல் வெற்றிகளை ஈட்டித் தந்தவர் தலைமை வடிவமைப்பாளர் என்னும் பதவிப் பெயராலேயே சுட்டப்பட்டார். செர்கெய் கொரலியோவ் என்பது அவர் பெயர்.

1907இல் உக்ரைனின் ஜிதோமிர் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தமையால் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். மாஸ்கோவில் துப்பொலியேவிடம் வானூர்திப் பொறியியல் பயின்றார். 1933இல் அவர் தலைமையேற்ற குழுவின் ஏவூர்தி 400 மீட்டர் உயரம் எழுந்தது.

1938இல் ஸ்டாலின் ஆட்சி அவரைப் பொய்க்குற்றம் சாட்டிச் சிறைப்படுத்தியது. கொலிமாப் பொற்சுரங்கத்தில் குளிரும் பசியும் உடலைச் சிதைத்தன. பற்கள் பல உதிர்ந்தன. பின்னர்க் கைதிப் பொறியாளர்கள் பணிபுரிந்த வடிவமைப்பு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆசிரியர் துப்பொலியேவும் ஒரு கைதியே. 1944இல் விடுதலை பெற்றவர், தம்மை வதைத்த அரசுக்கே தம் அறிவை வழங்கினார்.

அணுகுண்டு சுமக்கவென்று அவர் உருவாக்கிய ஆர்-7 ஏவுகணையே வானத்தின் வாயிலைத் திறந்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள், 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் புவியைச் சுற்றியது. அவர் குற்றமற்றவர் என அரசு ஏற்றதும் அதே ஆண்டில்தான். 1961 ஏப்ரல் 12ஆம் நாள் ககாரின் 108 நிமிடங்களில் உலகைச் சுற்றி மீண்டார். 1965இல் லியோனோவ் கலத்தின் வெளியே விண்ணில் மிதந்தார்.

அமெரிக்காவின் பிரவுன் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் உலா வந்தார். கொரலியோவ் பெயரோ அரசின் மறைபொருளாகவே இருந்தது. ககாரினைக் கொண்டாடிய மக்கள், அவரை அனுப்பிய கையை அறியார்.

1966 சனவரி 14ஆம் நாள் அறுவை சிகிச்சையின்போது அவர் உயிர் பிரிந்தது. அதன் பின்னரே பிராவ்தா நாளிதழ் அவர் பெயரையும் படத்தையும் வெளியிட்டது. அவரது சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. அவர் தொடங்கிய நிலவு ஏவூர்தி 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. அதற்கிடையே, 1969 சூலையில் அமெரிக்கர் நிலவில் கால் பதித்தனர்.

ஆர்-7 வழிவந்த சோயுஸ் ஏவூர்திகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாந்தரை விண்ணுக்குச் சுமந்துள்ளன. புலவரைப் பாட்டு காட்டிக்கொடுத்ததுபோல் அவரையும் அவர் படைப்பே காட்டிற்று. ஆயினும் படைத்தவன் பெயரை வாழுங்காலத்தில் மறைப்பது பெருங்கொடுமை. உலகம் கொரலியோவ் என அழைத்தபோது, அதைக் கேட்க அவர் இல்லை.