கல்லீரல் சிகிச்சையில் நிதானம் கற்பித்த இமாம் அஸ்ஸஹ்ராவி

கல்லீரலில் கட்டி என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே கலங்கிப் போகிறது. எந்தச் சிகிச்சையானாலும் செய்து பார்ப்போம் என்று மனம் துடிக்கிறது. அந்த நேரத்தில் நாம் நினைவுகூர வேண்டிய அறிஞர் ஒருவர் உண்டு. அவர்தான் அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்).

முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகர் குர்துபாவுக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைச் சேர்ந்தவர் இவர். கி.பி. 936 வாக்கில் பிறந்தார். ஊரின் பெயரே இவருக்கும் பெயரானது. மதீனாவின் அன்ஸாரிகள் வழி வந்தவர் என்பதால் அல்அன்ஸாரி என்றும் அழைக்கப்பட்டார்.

தம் வாழ்நாள் அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாகங்கள் கொண்ட நூலாக எழுதினார். கடைசிப் பாகம் முழுவதும் அறுவை சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனில் பெயர்க்கப்பட, ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

கல்லீரலில் சீழ்க்கட்டி ஏற்பட்டால் சூடுபோட்டுத் திறக்கும் முறையை அந்நூலில் விளக்குகிறார். கூடவே, நீண்ட அனுபவம் உள்ளவர் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்கிறார். செய்யாமல் விடுவதே மேல் என்பது அவருடைய கருத்து. உடற்கூறு தெரியாமல் கத்தி எடுத்தவர்களால் நோயாளிகள் உயிரிழந்ததையும் மறைக்காமல் பதிவு செய்தார். 1013 வாக்கில் இறையடி சேர்ந்தார்.

இன்று கல்லீரல் அறுவை சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆரோக்கியமான கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும், மீதி சில மாதங்களில் தானே வளர்ந்து ஏறத்தாழப் பழைய அளவை எட்டும். அல்லாஹ் அதற்கு அளித்துள்ள ஆற்றல் அது. ஆனால் மிஞ்சும் பகுதி மிகச் சிறியதானால் ஆபத்து. அதைப் பெருக்குவதற்காக, 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் மருத்துவர்கள் நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அறுவைக்கு முன்பே கல்லீரலுக்குள் செலுத்தினர். பலன் நம்பிக்கை தந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மூன்றே பேர். இம்முறை இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

எனவே, ஸ்டெம் செல்லால் கல்லீரல் வளரும் என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் நாம் அவசரப்பட்டுப் போகக் கூடாது. இது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வா, ஆய்வுக்கு நோயாளியிடமே ஏன் பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்போம். நம்முடைய கல்லீரல் மருத்துவரிடமும் கலந்து பேசுவோம். அஸ்ஸஹ்ராவி கற்பித்த நிதானம் இதுதான்.

நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.