காய்ச்சலுக்குப் பள்ளிக்கூடத்தை மருந்தாக எழுதிய டாக்டர்

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதித் தருவார்; ஊசி போடுவார். ஆனால் ஒரு டாக்டர், ஒரு மாகாணம் முழுவதற்குமே மருந்துச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டில் பள்ளிக்கூடம், சாலை, நியாயமான வரி, தாய்மொழியில் நிர்வாகம் ஆகியவை இருந்தன. அவர்தான் ஜெர்மன் நாட்டு மருத்துவ மேதை ருடால்ப் விர்ச்சோ.

1821-ம் ஆண்டு அக்டோபர் 13-ந்தேதி, அன்றைய பிரஷ்ய ராஜ்யத்தில் பொமரேனியா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் விர்ச்சோ பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. தகப்பனார் விவசாயி. சொந்தப் பணத்தில் டாக்டருக்குப் படிக்க வைக்கும் வசதி இல்லை. பட்டாளத்துக்கு டாக்டர்களைத் தயார் செய்யும் பெர்லின் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1843-ல் பட்டம் பெற்றார். பெர்லின் சாரித்தே ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்யும் வேலையில் அமர்ந்தார்.

பட்டினியும் காய்ச்சலும்

1847-48-ல் மேல் சைலீஷியா பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியது. (நாம் அறிந்த டைபாய்டு வேறு, இது வேறு.) மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். பத்திரிகைகள் எழுதிய பிறகு பிரஷ்ய சர்க்கார் விழித்துக்கொண்டு, நிலைமையைப் பார்த்து வர விர்ச்சோவை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. பிப்ரவரி 20-ந்தேதி புறப்பட்டவர், சுமார் மூன்று வாரத்தில் திரும்பினார்.

அங்கே வீடு வீடாகப் போனார். தாழ்ந்த கூரையுள்ள மரக்குடிசைகள். மனிதரும் மாடு கன்றும் ஒரே கூரையின் கீழ் கிடந்தார்கள். முக்கிய உணவு உருளைக்கிழங்கு. அதுவும் விளையாமல் போயிருந்தது. நிலமும் சுரங்கமும் பெரிய பிரபுக்கள் கையில் இருந்தன. உழைத்தவன் கையில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்த மக்கள் பேசியது போலிஷ் மொழி. அதிகாரியும் டாக்டரும் பேசியது ஜெர்மன். பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் சரியான பள்ளிக்கூடம் இல்லை. நோயாளி சொல்வது டாக்டருக்குப் புரியாது; டாக்டர் சொல்வது நோயாளிக்குப் புரியாது. வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, எங்கே வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்!

விர்ச்சோ கொடுத்த அறிக்கை சர்க்காரைத் திடுக்கிட வைத்தது. காய்ச்சலுக்கு வேர் வறுமையும் அறியாமையும்தான், அவற்றுக்குப் பொறுப்பு ஆட்சியாளர்கள் என்று எழுதினார். மக்களாட்சி, கல்வி, போலிஷ் மொழிக்கு உரிமை, நல்ல சாலைகள், விவசாய முன்னேற்றம், ஏழையை வாட்டாத வரி ஆகியவற்றைக் கேட்டார்.

வேலைக்கு வந்த ஆபத்து

அவர் பெர்லின் திரும்பிய சில நாட்களில், 1848 மார்ச்சில் புரட்சி வெடித்தது. விர்ச்சோவும் மக்களோடு தெருவில் நின்றார். மருத்துவச் சீர்திருத்தத்துக்காக ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். புரட்சி ஒடுக்கப்பட்டது, அவருடைய உத்தியோகம் ஆட்டம் கண்டது. 1849-ல் பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. 1852-ல் ஸ்பெஸ்ஸார்ட் மலைப்பகுதிக்குப் போய் அங்குள்ள ஏழைகளின் பஞ்சத்தையும் நோயையும் ஆராய்ந்தார்.

1856-ல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. உடலின் ஒவ்வொரு அணுவும் முன்பிருந்த அணுவிலிருந்தே பிறக்கிறது, நோய் என்பது அணுக்களில் ஏற்படும் கோளாறு என்று விளக்கி 1858-ல் நூல் வெளியிட்டார். உலகப் புகழ் வந்தது.

பாதாளச் சாக்கடை

புகழ் வந்ததும் சைலீஷியாவை அவர் மறந்துவிடவில்லை. 1859-ல் பெர்லின் நகரசபை உறுப்பினரானார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சட்டசபையிலும் இடம் பெற்று பிஸ்மார்க்கை எதிர்த்தார். 1865-ல் பிஸ்மார்க் அவரை ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைக்க, விர்ச்சோ மறுத்துவிட்டார்.

அன்றைய பெர்லினில் கழிவுநீர் தெருவோரத்துத் திறந்த சாக்கடையில் ஓடியது. விர்ச்சோ ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்க, ஹோப்ரெக்ட் என்ற என்ஜினீயர் திட்டம் போட்டார். 1873-ல் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியது. கழிவுநீர் நகருக்கு வெளியே வயல்களுக்கு அனுப்பப்பட்டது. இறைச்சிப் பரிசோதனை, நகரசபை ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றுக்கும் அவர் பாடுபட்டார். 1870-ல் பிரான்சுடன் நடந்த போரின்போது, காயம்பட்டவர்களை ஏற்றிவர ஆஸ்பத்திரி ரயில் ஏற்பாடு செய்தவரும் அவரே. ரயில்வேக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

மேதைகளுக்கும் சறுக்கல் உண்டு. பிரசவ வார்டில் டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்று போராடிய செம்மல்வைஸின் கருத்தை அவர் ஏற்கவில்லை. நோய்களுக்குக் கிருமியே காரணம் என்பதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பேன் சொன்ன சாட்சி

1902 ஜனவரியில் பெர்லின் தெருவில் டிராமிலிருந்து குதித்து இறங்கியபோது அவருடைய தொடை எலும்பு முறிந்தது. பிறகு உடல் தேறவேயில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி, 80-வது வயதில் காலமானார்.

1909-ல் சார்லஸ் நிக்கோல் என்ற விஞ்ஞானி, டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது சீலைப்பேன் என்று கண்டுபிடித்தார். அப்படியானால் விர்ச்சோ சொன்னது பொய்யா? இல்லை. மாற்றுத் துணியும் சோப்பும் வெந்நீரும் உள்ள வீட்டில் சீலைப்பேன் குடியிருக்காது. ஒரே துணியை இரவும் பகலும் உடுத்தி, குளிருக்குப் பத்துப் பேர் ஒட்டிப் படுக்கும் குடிசையில்தான் அது பெருகும். பேனுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. ஆனால் அதற்கு இடம் கொடுத்தது ஏழையின் நிலைமை.

ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, குழாயடியில் விடியுமுன் வரிசை நிற்கிறவர்களுக்கு இது பழங்கதை அல்ல. நோய் வந்தால் அதைத் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். தண்ணீரும் சாக்கடையும் காற்றோட்டமும் கேட்டு நகரசபையின் கதவைத் தட்டுவதும் வைத்தியம்தான் என்று வாழ்நாள் முழுவதும் காட்டிவிட்டுப் போனார் விர்ச்சோ.